புகைப்பழக்கமும் கைபேசியும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

மாத்தூர், மணலி வட்டாரத்து உழைப்பாளி ஒருவரின் சட்டைப் பையில் பெரும்பாலும் இரண்டு பொருள்களைக் காணலாம். ஒன்று பீடிக்கட்டு, அல்லது பெட்டிக்கடையில் சில்லறையாக வாங்கிய இரண்டு சிகரெட்டு. மற்றொன்று கைபேசி. இரண்டும் நெஞ்சுக்கு அருகில் இருப்பவை. சற்று ஓய்வு கிடைத்தாலும் கை தானாகத் தேடிச் செல்பவை. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விரட்ட முடியுமா என்று உலகின் பல நாடுகளில் இருபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, அவை நம் வடசென்னைக்கு எந்த அளவு பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகை உடலுக்குக் கேடு என்பதை நான் இங்கு விளக்கப் போவதில்லை. அதைத் திரையரங்கில் படம் தொடங்குமுன்பே காட்டிவிடுகிறார்கள். மத்திய அரசின் சுகாதார அமைச்சகத்துக்காக 2016-17ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட புகையிலை ஆய்வில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் புகை கடும் நோயைத் தரும் என்பதை அறிந்திருந்தனர். புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 55 சதவிகிதத்தினர், விட்டுவிட வேண்டும் என்று எண்ணியும் இருந்தனர். ஆகவே அறியாமல் புகைப்பவர் மிகச் சிலரே. விட விரும்பியும் விட முடியாதவர்களைப் பற்றியதே நம் பிரச்சினை. எவ்விதத் துணையுமின்றித் தாமாகவே விட முயல்பவர்களில் ஓராண்டு கழித்தும் புகைக்காமல் இருப்பவர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்று மேல்நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எண்கள் எல்லாவற்றையும் இதன் பக்கத்தில் நிறுத்தித்தான் மதிப்பிட வேண்டும்.

நிகோடின் செய்யும் வேலை

நிகோடின் ஓர் ஆல்கலாய்டு. அதன் மூலக்கூறில் பத்துக் கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. பிரிடின் வளையம் ஒன்றும் பைரோலிடின் வளையம் ஒன்றும் கைகோத்து நிற்கும் இந்தச் சிறிய மூலக்கூறு, புகையை உள்ளிழுத்த பத்து முதல் இருபது விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. ஊசி மூலம் இரத்தக் குழாயில் ஏற்றினால்கூட இவ்வளவு விரைவில் மூளைக்குச் செல்லாது எனலாம். அங்கே அசிட்டைல்கோலின் என்னும் இயற்கைப் பொருளுக்காக அமைந்த ஏற்பிகளில் இது சென்று அமர்ந்துகொள்ள, டோபமின் சுரக்கிறது. ஒரு தெளிவும் இதமும் பிறக்கின்றன. நாள்தோறும் புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே பெருகிவிடுகிறது. அவை காலியாகும்போது எரிச்சல், கவனமின்மை, தூக்கக் குறைவு முதலியன தோன்றுகின்றன. விட்ட முதல் மூன்று நாள்களில் இவை உச்சத்தை அடைந்து, பின்பு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன.

பீடியைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டில் சிகரெட்டைவிடப் பீடி குடிப்பவரே அதிகம். மேற்கூறிய ஆய்வில் சிகரெட்டு 4 சதவிகிதம், பீடி 7.7 சதவிகிதம். தெந்து இலைக்குள் காற்று எளிதில் புகாததால், அடிக்கடி இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும். எனவே சிறிய பீடிதானே என்று எண்ணுபவர் சிகரெட்டில் இழுப்பதைவிட அதிக முறை இழுக்கிறார். உருவம் சிறிது, வேலை சிறிதன்று.

நிகோடின் இரத்தத்தில் குறைவது நாம் வேதி வினைவேகவியலில் படிக்கும் முதல்வகை வினையை ஒத்தது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எட்டு மணி நேரம் கழிந்தால் நான்கு அரை ஆயுட்காலம் கழிகிறது. பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். இந்த எட்டு மணி நேரம் என்ற கணக்குக்கு நம் பகுதியில் தனிப் பொருள் உண்டு. அது ஒரு ஷிப்ட்.

ஆலை வாசல்

மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சுற்றி உரம், இரசாயனம், பெட்ரோலியப் பொருள்கள் என ஆலைகள் வளர்ந்தன. எளிதில் தீப்பற்றும் பொருள்களைக் கையாளும் ஆலைகளில் தீப்பெட்டிக்கும் லைட்டருக்கும் உள்ளே இடமில்லை. வாசலிலேயே கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். பல இடங்களில் சாதாரணக் கைபேசியையும் அவ்வாறே ஒப்படைக்க வேண்டும், அதிலிருந்து ஒரு சிறு பொறி தெறித்தாலும் ஆபத்து என்பதால்.

ஆக, வீட்டில் அரை மணிக்கு ஒரு முறை புகைப்பவர் அதே உடலோடு, அதே மூளையோடு ஆலைக்குள் எட்டு மணி நேரம் புகைக்காமல் இருக்கிறார். உள்ளே அவர் துடித்துப் போவதில்லை. ஷிப்ட் முடியும் சங்கு ஊதியவுடன்தான் வேட்கை எழுகிறது. வாசலைத் தாண்டியதும், பஸ் நிறுத்தம் வரைகூடப் பொறுக்காமல், டீக்கடை ஓரத்தில் கயிற்றில் தொங்கும் லைட்டரைத் தேடிக் கை போகிறது.

இதை நான் என் கற்பனையாகச் சொல்லவில்லை. இஸ்ரேல் நாட்டு விமானப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. புகைப்பழக்கம் உள்ள பணியாளர்களே குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் சோதிக்கப்பட்டனர். குறுகிய பயணம் மூன்று முதல் ஐந்தரை மணி நேரம். நீண்டது பத்து மணிக்கும் மேல். நிகோடின் குறைவதுதான் வேட்கைக்குக் காரணம் என்றால், கடைசியாகப் புகைத்து ஐந்து மணி நேரம் ஆனபோது இரண்டு பயணத்திலும் வேட்கை ஒரே அளவில் இருக்க வேண்டும். அவ்வாறு இல்லை. குறுகிய பயணத்தில் விமானம் இறங்கப் போகும் அந்த ஐந்தாவது மணியில் வேட்கை மிகுந்திருந்தது. நீண்ட பயணத்தின் அதே ஐந்தாவது மணியில், இறங்க இன்னும் நேரமிருந்ததால், வேட்கை அடங்கியிருந்தது. இரத்தத்தில் இருந்த நிகோடினைவிட 'இன்னும் சற்று நேரத்தில் புகைக்கலாம்' என்ற எதிர்பார்ப்புக்கே மனம் அதிகம் ஆடியது என்பது இதனால் விளங்கும்.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு மணலி ஆலை வாசல்தான் கண்முன் வந்தது. அங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். பீடியும் கைபேசியும் அந்தத் தொழிலாளியின் கைக்கு ஒரே நிமிடத்தில் திரும்பி வருகின்றன. வேட்கை ஒரு முறை எழுந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் தானே தணியும் என்பது மருத்துவர் கூற்று. அந்த ஐந்து நிமிடத்தில் எது முதலில் கைக்கு வருகிறது என்பதில்தான் கைபேசியின் பயன் முழுவதும் அடங்கியுள்ளது என்பது என் கருத்து.

குறுஞ்செய்தியின் வெற்றி

இத்துறையில் முதலில் பெயர் பெற்றது நியூசிலாந்து. அங்கு 2005இல் வெளியான ஆய்வில் 1,705 பேர் பங்கு கொண்டனர், பெரும்பாலோர் இளைஞர். அந்நாளில் செயலிகள் ஏது? வெறும் குறுஞ்செய்திகளே. விடும் நாளைக் குறித்துக்கொண்டவர்களுக்கு நாள்தோறும் யோசனைகளும் ஊக்கமும், சில சமயம் வேடிக்கையான வினாவிடைகளும் அனுப்பப்பட்டன. ஆறு வாரங்கள் கழித்து, செய்தி பெற்றவர்களில் 28 சதவிகிதத்தினரும், பெறாதவர்களில் 13 சதவிகிதத்தினரும் புகைக்கவில்லை என்று கூறினர்.

'கூறினர்' என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. புகைப்பவர் விட்டேன் என்று சொல்வதை அவர் மனைவியே நம்புவதில்லை, ஆராய்ச்சியாளர் நம்பலாமா? எனவே பிரிட்டனில் 5,800 பேரைக் கொண்டு செய்த பெரிய ஆய்வில் உமிழ்நீரைத் தபாலில் வரவழைத்துச் சோதித்தார்கள். நிகோடின் உடலில் சிதையும்போது கோடினின் என்ற பொருள் உண்டாகிறது. நிகோடின் சில மணி நேரத்தில் மறைந்தாலும் கோடினினின் அரை ஆயுட்காலம் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் என்பதால், சில நாள்களுக்கு முன் புகைத்ததையும் அது காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் கடுமையான சோதனைக்குப் பின்பும், ஆறு மாதம் தொடர்ந்து புகைக்காதவர்கள் செய்தி பெற்ற பிரிவில் 10.7 சதவிகிதம், மற்றப் பிரிவில் 4.9 சதவிகிதம். 2011இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது. (நம் நாட்டில் புகைப்பவர்களின் அளவும் 2016-17இல் 10.7 சதவிகிதமே. இது தற்செயலான ஒற்றுமை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அந்தத் திட்டத்தில் முதல் ஐந்து வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து செய்திகள். அதன்பின் இருபத்தாறு வாரங்களுக்கு வாரம் மூன்று. அத்துடன் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. வேட்கை தாங்க முடியாதபோது அதற்குரிய ஒரு சொல்லை மட்டும் அனுப்பினால் உடனே பதில் வரும். தவறிப்போய் ஒன்று புகைத்துவிட்டாலும் அதற்கென வேறொரு சொல் உண்டு. அதற்கும் பதில் வரும். நள்ளிரவாயினும் வரும். ஐந்து நிமிட வேட்கைக்கு ஐந்து விநாடிப் பதில்!

இந்த முறையை உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் கைக்கொண்டு, 2013இல் கோஸ்டாரிகா நாட்டில் அரசுத் திட்டமாகத் தொடங்கச் செய்தன.

செயலிகள் வந்த கதை

பின்பு ஸ்மார்ட்போன் வந்தது. செயலிகள் பெருகின. இன்று தேடினால் புகையை விடுவிக்கும் செயலிகள் கணக்கின்றிக் கிடைக்கும். எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு பணம் மிஞ்சிற்று, நுரையீரல் எவ்வளவு தேறிற்று என்று வண்ணப் படங்களில் காட்டும். வெறும் எழுத்தாக வரும் குறுஞ்செய்தியைவிட இவை பன்மடங்கு பயன் தரும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்?

நடந்தது வேறு. 2019ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடை போட்டனர். குறுஞ்செய்தி பெற்றவர்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாகப் புகையை விட்டிருந்தனர். செயலிகளைப் பற்றிய ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதோ, அவற்றால் விடுவோர் தொகை கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் 2,415 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு செயலிகளுக்குச் சற்று ஆறுதல் தந்தது. இரண்டு செயலிகளை ஒப்பிட்டதில், ஓராண்டு முடிவில் ஒன்று 28 சதவிகிதமும் மற்றொன்று 21 சதவிகிதமும் பலன் காட்டின. இவை அவர்களே சொன்ன கணக்குதான். வென்ற செயலி, வேட்கையை எதிர்த்துப் போராடச் சொல்லவில்லை. அது வருவதைக் கவனித்து, போகும் வரை பொறுத்திருக்கும் பயிற்சியைத் தந்தது. ஆகவே எல்லாச் செயலியும் ஒன்றல்ல.

குறுஞ்செய்தி ஏன் வெல்கிறது? செயலி என்பது கடை போன்றது. நாம் நடந்து செல்ல வேண்டும். குறுஞ்செய்தி தபால்காரர் போன்றது. நம் பெயரைச் சொல்லித் தேடி வரும். வேட்கை எழும் நேரத்தில் கடையைத் தேடிச் செல்லும் பொறுமை யாருக்கு இருக்கிறது? பதிவிறக்கம் செய்த முதல் வாரத்துக்குப் பிறகு பலர் செயலியைத் திறப்பதே இல்லை. இதில் புகைப்பவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தேர்வுக்குப் படிப்பதற்கென்று நம் கைபேசிகளில் ஏற்றி வைத்திருக்கும் செயலிகளை நாம் எத்தனை முறை திறந்தோம் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

நம் நாட்டில்

இந்திய அரசு 2016இல் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. முதலாவது, ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் பல மாதங்களுக்குத் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பும் திட்டம். தொடக்கத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்திகள் வந்தன. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர். ஆறு மாதம் கழித்து விசாரித்ததில் சுமார் 7 சதவிகிதத்தினர் விட்டிருந்தனர். ஏழுதானா என்று உதட்டைப் பிதுக்கத் தோன்றும். தாமாக விடுபவர் மூன்று முதல் ஐந்து என்ற எண்ணை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருபது இலட்சத்தில் ஏழு சதவிகிதம் என்றால் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேர். ஒரு மருத்துவரும் நேரில் பார்க்காமல், படுக்கையோ மருந்தோ இல்லாமல், இத்தனை பேருக்குத் துணை செய்ய வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ஏற்பாடு, கட்டணமில்லாத் தொலைபேசி உதவி: 1800-11-2356. தில்லியில் உள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் 2016 மே மாதம் இது தொடங்கப்பட்டது. 2018இல் பெங்களூர் நிம்ஹான்ஸ், மும்பை டாட்டா நினைவு மையம், குவஹாத்தி புற்றுநோய் நிலையம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. பெங்களூர் மையம் வந்தபின் தமிழிலும் பேச முடிந்தது. பதிவு செய்துகொண்டவரை அவர்களே திரும்ப அழைத்து விசாரிக்கிறார்கள். பீடி, சிகரெட்டுக்கு மட்டுமன்றி வாயில் அடக்கும் புகையிலைக்கும் இது உதவுகிறது. இது முக்கியம். நாட்டில் புகைப்பவர் 10.7 சதவிகிதம் என்றால், புகையில்லாப் புகையிலை உபயோகிப்பவர் 21.4 சதவிகிதம், அதாவது இரு மடங்கு. குட்கா 2013 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தும் மாவாவும் குட்காவும் நம் பகுதியில் எங்கே கிடைக்கும் என்று யாரையும் கேட்டறிய வேண்டியதில்லை. நெருப்பு கூடாத இடத்தில் வேலை செய்பவர் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பீடியைக் குறைத்துவிட்டேன் என்று சொன்னால், செயலியின் கணக்கு அதை வெற்றி என்றே காட்டும்.

2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொருள்களின் உறைமீது இந்த உதவி எண்ணையும் அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. உறையின் 85 சதவிகிதப் பரப்பில் எச்சரிக்கைப் படம், அதனுடன் எண். நல்ல விதிதான். ஆனால் மாத்தூர் பெட்டிக்கடையில் யார் முழுப் பாக்கெட்டு வாங்குகிறார்கள்? கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுக்கிறார். வாங்குபவர் அங்கேயே பற்ற வைக்கிறார். படத்தையும் எண்ணையும் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் கடைக்காரர் ஒருவரே. அவர் புகைப்பவராக இல்லாவிட்டால் அந்த எண் அச்சிடப்பட்டதன் பயன் அந்தப் பாக்கெட்டோடு குப்பைக்குப் போகிறது. சில்லறை விற்பனை இருக்கும்வரை அந்த எண்ணைக் கடைப் பலகையில், லைட்டர் தொங்கும் கயிற்றுக்கு நேராக எழுதி வைப்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

நேரில் சென்று மருத்துவம் பெறவும் வழி உண்டு. 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நாட்டில் 13 புகையிலை விடுப்பு மையங்கள் தொடங்கப்பட்டபோது, அடையாறு புற்றுநோய் நிலையமும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. நிகோடின் கலந்த மெல்லும் பசை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. 2022இல் இவ்வகை மருந்துகள் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம் பெற்றன. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்தும் ஆலோசனையும் சேர்ந்து தருவதை முதன்மையாக வைத்து, குறுஞ்செய்தி, செயலி போன்றவற்றைத் துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. எனினும் மாத்தூரிலிருந்து அடையாறு செல்ல இரண்டு பஸ் மாற வேண்டும். தினக்கூலிக்கு அன்றைய கூலி போகும். போகாமலே இருப்பவருக்குத் துணையே முதன்மையாகிவிடுகிறது.

மாத்தூர்க் கணக்கு

என் தாய்மாமன் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். மணலிச் சாலையிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாகத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை வண்டிகள் வரிசையில் நிற்கும் நாள்களில் இரவு முழுவதும் வண்டியிலேயே கழியும். வரிசை நகராத நேரம் முழுவதும் பீடி நேரம். நாளொன்றுக்கு இரண்டு கட்டு. சென்ற ஆண்டு அவருக்கு இருமல் அதிகமாகி, விட வேண்டும் என்று அவரே சொன்னபோது, நல்ல பெயர் பெற்ற செயலி ஒன்றை அவர் கைபேசியில் ஏற்றினேன். எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரிதான். அது ஆங்கிலத்தில் முதலில் கேட்ட கேள்வி, நாளொன்றுக்கு எத்தனை பாக்கெட்டு? பாக்கெட்டுக்கு இருபது சிகரெட்டு என்று அதுவே வைத்துக்கொண்டது. "பாப்பா, பீடிக் கட்டுன்னு போட இடமே இல்லையே" என்றார் மாமா. மிச்சமாகும் பணத்தை டாலரில் காட்டியது. காலை ஒன்பது மணிக்கு 'இன்றைய நாளை உறுதியோடு தொடங்குங்கள்' என்ற பொருளில் மணியடித்தது. இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். வேட்கை எழும் இரவு இரண்டு மணிக்கு அது உறங்கிக்கொண்டிருந்தது.

செயலியைச் செய்தவர்கள்மேல் குற்றமில்லை. காலையில் எழுந்து இரவில் உறங்கும், பாக்கெட்டாக வாங்கும், ஆங்கிலம் படிக்கும் மனிதருக்காக அவர்கள் செய்தார்கள். மாமா அந்த மனிதர் இல்லை.

ஆகவே வேறு வழியைப் பார்த்தோம். மூன்று நாள்களுக்கு, பீடி பற்ற வைக்கும் ஒவ்வொரு முறையும் என்ன நேரம், எந்த இடம் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறிக்கச் சொன்னேன். அவர் குறித்ததில் பாதிக்கு மேல் நான்கே இடங்கள்: வீட்டில் டீ குடித்தபின், ஷெட்டிலிருந்து வண்டியை எடுக்குமுன், துறைமுக வரிசையில் வண்டி முதல்முறை நிற்கும்போது, சரக்கை இறக்கிவிட்டு வெளியே வந்தவுடன். இந்த நான்கு நேரத்துக்கும் கைபேசியில் இருக்கும் சாதாரண அலாரத்தையே வைத்தோம். அலாரத்துக்குப் பெயர் எழுதும் வசதி பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் உண்டு, தமிழிலும் எழுதலாம். 'வரிசை நின்னாச்சா? முதல்ல தண்ணி. அப்புறம் ஐந்து நிமிஷம் கீழே இறங்கி நட' என்பது அவற்றுள் ஒன்று. வண்டி ஓடும்போது கைபேசியைத் தொடக்கூடாது என்பதால் நிற்கும் நேரங்களையே தேர்ந்தெடுத்தோம். வண்டி முன்னே பின்னே வந்தால் அலாரமும் தவறும். அதை அவர் கையால் மாற்றிக்கொள்வார். இதில் விஞ்ஞானம் ஒன்றுமில்லை என்று சிலர் நினைக்கலாம். வேட்கையின் நேரத்தை அளந்து அதற்குச் சற்று முன்னால் ஒரு தூண்டுதலை வைப்பது விஞ்ஞானம் இல்லையென்றால் வேறென்ன?

இரண்டு கட்டு ஒரு கட்டாகக் குறைந்தது. அதற்குமேல் இறங்கவில்லை. அதன்பின்தான் 1800-11-2356க்கு அழைத்து, ஒரு நாளைக் குறித்து, அன்று முதல் முழுவதுமாக நிறுத்தினார். இதை எழுதும்போது பதினோரு வாரம். ஒருவர் கதை ஆதாரமாகாது என்பதை நம் பேராசிரியர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். 5,800 பேருக்கு முன் ஒரு மாமா எம்மாத்திரம்! ஆயினும் அலாரம் தனியாகவும் செய்யவில்லை, தொலைபேசிக் குரல் தனியாகவும் செய்யவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

இவ்வாறு நேரம் குறிக்கும் வேலையை நம் கல்லூரி மாணவர்கள் எளிதில் செய்யலாம். நம்மில் பலரின் வீட்டில் ஸ்மார்ட்போனை முதலில் தொட்டவர் நாமே. அப்பாவின் கைபேசியில் எந்த அமைப்பையும் மாற்றித் தருபவரும் நாமே. திருவொற்றியூர் மாணவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் படகு கரை சேரும் நேரம் தெரியும். எண்ணூர் மாணவருக்கு அனல் மின் நிலைய ஷிப்ட் தெரியும். இராயபுரத்து மாணவருக்கு ஏற்றி இறக்குவோர் எப்போது மூச்சு விடுகிறார்கள் என்று தெரியும். காசிமேட்டின் அதிகாலை மூன்று மணி எந்தச் செயலிக்கும் தெரியாது. நாட்டு நலப்பணித் திட்டத்தினர் தம் முகாமில் இந்த நேரங்களைத் திரட்டி, ஒவ்வொரு தொழிலுக்கும் ஏற்ற இருபது முப்பது செய்திகளைப் பேச்சுத் தமிழில் எழுதித் தரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளையின் குரலைப் பதிவு செய்து அலாரமாக வைக்கலாம். அதற்கும் பெரும்பாலான கைபேசிகளில் வசதியுண்டு.

செய்தி எழுதுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. தவறிப் புகைத்த அன்றைக்கும் ஒரு செய்தி வேண்டும். ஏழாவது வாரத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்தில் மாமா ஒரு பீடி குடித்துவிட்டார். அந்தச் செயலி இன்னும் கைபேசியில் இருந்தது. நேர்மையாக அதில் குறித்தார். நாற்பத்தாறு நாள்களைக் காட்டிக்கொண்டிருந்த எண் மறைந்து சுழியம் வந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எல்லாம் போச்சு, இனிமே என்ன" என்றார். அவர் கை மீண்டும் பையைத் தடவத் தொடங்கிய நேரம் அதுதான்.

வேதியியல் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு பீடியின் நிகோடின் இருபத்து நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு அரை ஆயுட்காலங்களைக் கடக்கிறது. நாலாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நாற்பத்தாறு நாள்களில் குறைந்துவிட்ட ஏற்பிகள் ஒரே பீடியால் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிடுவதுமில்லை. இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தச் செயலியை எப்படி நீக்குவது என்று கேட்டார்.